பத்து விநாடி ஈடுபாடு

முப்பத்து நான்கு வருடம் நான் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். உள்ளதைச் சொன்னால் அதில் பாதிக் காலம் "பேசாதே, ஆடாதே, கையைக் கட்டு" என்று அதட்டியதில்தான் போனது. ஓய்வு பெற்ற பிறகு அந்த அதட்டலுக்கு ஒரு கம்பெனியில் மரியாதை இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

கம்பெனி திருப்பூரில், அவிநாசி சாலையில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. 'எண்காடு' என்று பிள்ளைகளுக்கான ஒரு கணக்கு விளையாட்டைச் செய்திருந்தார்கள். காட்டில் ஒரு யானை போகும். கணக்கைச் சரியாகப் போட்டால் பாலத்தைத் தாண்டும். அதை ஆயிரத்துச் சொச்சம் அரசுப் பள்ளிகளில் வைத்திருந்தார்கள். என்னை வேலைக்கு எடுத்தவன் சஞ்சித். இருபத்தெட்டு வயது இருக்கும். நல்ல பையன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவன் யார் என்று நீங்கள் தேடக்கூடும்.

"பசங்க விளையாடறப்ப டேப்லெட் கேமரா முகத்தைப் பாத்துட்டே இருக்கும் டீச்சர். கைப்பட்டை நாடியையும் வேர்வையையும் எடுக்கும்" என்றான். "பையனுக்குச் சலிப்புத் தட்டுனா கணக்கு கொஞ்சம் கஷ்டமாகும். எரிச்சல் வந்தா சுலபமாகும். நல்லா மூழ்கி யோசிக்கிறான்னா கடிகாரத்தை நிறுத்திட்டு, அவனைத் தொந்தரவு பண்ணாம ஒரு நட்சத்திரம் போடும்."

"முகத்தைப் பாத்து மிஷினுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியாது. அதுக்கு முகம்னா வெறும் புள்ளிங்க. இது சலிப்பு, இது குழப்பம்னு யாராச்சும் சொல்லித் தரணும். பிள்ளைங்க முகத்தை உங்களை விட யாரு அதிகம் பாத்திருக்கா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி நாற்பது பேர் சேர்ந்தோம், எல்லாரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். பத்து விநாடி வீடியோத் துண்டு ஒன்று திரையில் வரும். கீழே ஐந்து பொத்தான்கள்: ஈடுபாடு, சலிப்பு, குழப்பம், எரிச்சல், கவனச்சிதறல். பார்த்துவிட்டு ஒன்றை அழுத்த வேண்டும். ஒரே துண்டை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். இரண்டு பேர் சொன்னது நிற்கும். என் குழுவில் டிரில் மாஸ்டராக இருந்த பெஞ்சமின் சாரும், தமிழ் எடுத்த சரோஜினி டீச்சரும் இருந்தார்கள். மகிழ்ச்சி என்று ஒரு பொத்தான் இல்லையே என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விடை சரியாக வந்ததும் ஒரு பையன் நாற்காலியில் குதித்துப் பக்கத்துப் பையனைக் குத்தினான். மூன்று பேரும் கவனச்சிதறல் என்று அழுத்தினோம். ஒரு பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு, காலை ஆட்டிக்கொண்டு, விரலால் காற்றில் கணக்குப் போட்டாள். அதுவும் கவனச்சிதறல். கையை மடியில் வைத்து ஆடாமல் அசையாமல் திரையைப் பார்க்கும் பிள்ளை வந்தால் மனம் குளிர்ந்துபோகும். ஈடுபாடு. எங்கள் வகுப்புகளில் அப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் முதல் பெஞ்சில் உட்கார வைத்தோம். அந்தப் பிள்ளை உண்மையில் எங்கே இருந்தது என்று அப்போதும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை.

இதழினி அப்படித்தான் எங்களுக்கு வந்தாள்.

ஐந்தாம் வகுப்பு. ஒல்லியான முகம், இரட்டைச் சடை. யானை பாலத்துக்கு முன்னால் நிற்கும், அவள் பார்ப்பாள். கை அந்தரத்தில் அப்படியே நின்றுவிடும். கண் திரையை விட்டு விலகாது. இமை மட்டும் லேசாகத் துடிக்கும். நாடி ஒரே சீராக ஓடும். பத்து விநாடிக்கு ஒரு சித்திரம் மாதிரி இருப்பாள். பிறகு ஒன்றும் நடக்காதது போல விடையைத் தொடுவாள். மூன்று பேரும் ஒரே பொத்தானை அழுத்தினோம். "இப்பிடி ஒரு புள்ளைய என்ற சர்வீஸ்ல பாத்ததில்லீங்க" என்றார் பெஞ்சமின் சார். சஞ்சித் அதற்கு 'ஆழ்ந்த ஈடுபாடு' என்று தனிப் பெயரே வைத்தான். மிஷின் அவளைப் பார்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டது. நட்சத்திரங்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் நூற்றுக்கு இத்தனை என்று ஓர் ஈடுபாட்டு எண் வரும். மாநிலத்திலேயே அதிக எண் அவளுக்கு, தொண்ணூற்றேழு. அவள் முகத்தைப் போஸ்டரில் போட்டார்கள். 'இதழினி போல இருப்போம்' என்று ஒரு நிமிட வீடியோ ஒன்றையும் வெட்டி எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பினார்கள். காலை வழிபாட்டில் அதைப் போட்டுக் காட்டினார்களாம்.

அந்த வருடத்திலிருந்து இன்னொன்றும் வந்தது. ஆறாம் வகுப்புக்கு அரசு நடத்தும் சிறப்பு உறைவிடப் பள்ளியில் சேர, கணக்கு மதிப்பெண் பாதி, ஈடுபாட்டு எண் பாதி. மார்ச்சில் பார்க்கும்போது எண் தொண்ணூறுக்குக் கீழே இருக்கக்கூடாது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு தாயின் பிள்ளைக்கு அது எப்படிப்பட்ட கதவு என்று நான் விளக்க வேண்டியதில்லை.

குழந்தைகள் தினத்தன்று பரிசளிப்பு. நான்தான் பரிசு கொடுத்தேன். இதழினி மேடைக்கு வந்தாள், கையை நீட்டினாள். நான் கேடயத்தை அவள் கையில் வைத்தேன். விரல்கள் மூடவில்லை. கேடயம் நழுவிக் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் என் தோளுக்கு மேலே எங்கேயோ இருந்தது. இமை துடித்தது. ஏழெட்டு விநாடி. பிறகு கீழே பார்த்துத் திடுக்கிட்டு, "ஆருங்க டீச்சர் ஒடச்சது?" என்று கேட்டாள்.

அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மேடையில் யானையும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் அது அதே முகம்.

அவளைத் தனியே கூட்டிப்போய் விசாரித்தேன். "எண்காடு விளையாடறப்ப என்ன சாமி யோசிப்பே?"

"ஒண்ணும் யோசிக்கறதில்லீங்க டீச்சர்."

"அப்ப நட்சத்திரம்?"

"அது தானா விழுந்து கெடக்குமுங்க" என்றாள் கூச்சமாக. "பாத்துட்டே இருப்பேன். பொறகு பாத்தா நாலஞ்சு நட்சத்திரம் இருக்கும். எப்ப விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

மறுநாளே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா பூங்கொடி என்னை உட்காரவைத்து டீ கொடுத்தாள். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் நாலு நாள்தான் வீட்டில். இது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டலாம் என்று நான் சொன்னதும் அவள் முகம் இறுகிவிட்டது.

"என்ற புள்ளைக்கு ஒண்ணுமில்லீங்க. அது யோசனை. நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க, ஆழ்ந்த ஈடுபாடுன்னு. செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறேன் பாருங்க."

"நான் எழுதுனது தப்பு பூங்கொடி."

"சைக்கிள்ல இருந்து ரெண்டு வாட்டி உழுந்தா. அடுப்புக்கிட்ட ஒருக்கா கையைச் சுட்டுட்டா. வெளயாட்டுப் புத்தின்னு நெனச்சேனுங்க" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா ஒறம்பர சொந்தபந்தம் பூரா பேசுமுங்க. அந்தப் பள்ளிக்கொடத்துல எடுப்பாங்களா? மாத்திரை சாப்புட்டா மார்க்கு கொறைஞ்சு போகாதுங்களா?"

"குறையாது. அவ புத்திசாலிப் பொண்ணு. ஆடாம உக்காந்ததாலயா கணக்கு வந்துச்சு? அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

அந்த வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் என் பென்ஷன் முழுவதையும் கொடுத்துவிடுவேன்.

கோயம்புத்தூரில் ஒரு நரம்பு டாக்டர் அம்மா பார்த்தார். இதழினி கையில் ஒரு காகிதக் காற்றாடியைக் கொடுத்து, விடாமல் ஊதச் சொன்னார். ஊதினாள். காற்றாடி சுற்றியது. ஒன்றரை நிமிடம் போயிருக்கும், ஊதுவது நின்றது. காற்றாடி மெல்ல மெல்ல நின்றது. டாக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பூங்கொடி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதுவும் வலிப்புதாம்மா. கீழ விழ மாட்டா, நுரை தள்ளாது. உடம்பு இங்க இருக்கும், நினைவு இருக்காது. ஒரு நாளைக்கு முப்பது நாப்பது தடவை வருதுன்னு நெனக்கிறேன். மாத்திரையில அடங்கிரும், வயசு ஏற ஏற நிறையப் பேருக்குப் போயிடும். ரோட்டுலயோ தண்ணியிலயோ வந்தாத்தான் ஆபத்து." பிறகு ஆச்சரியமாகக் கேட்டார்: "இவ்வளவு நாள் யாருமே பாக்கலையா? ஸ்கூல்ல டீச்சருங்க பாத்திருப்பாங்களே?"

நான் தரையைப் பார்த்தேன். பார்த்தோம் அம்மா. பொத்தான் அழுத்தினோம்.

டிசம்பரில் மாத்திரை ஆரம்பித்தது. மூன்றே வாரத்தில் இதழினி வேறு பிள்ளையாகிவிட்டாள். அவளுடைய துண்டுகளைத் திரையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நகத்தைக் கடித்தாள், நெளிந்தாள், யானை பாலத்தைத் தாண்டியதும் "ஹேய்!" என்று கத்தினாள். விடையெல்லாம் சரி. முன்பைவிட வேகம். நான் ஈடுபாடு, ஈடுபாடு என்று அழுத்திக்கொண்டே இருந்தேன்.

இரண்டு பேர் சொன்னதுதான் நிற்கும். பெஞ்சமின் சாரும் சரோஜினி டீச்சரும் கவனச்சிதறல் என்று அழுத்தியிருந்தார்கள்.

"என்ன சார் இது? விடையெல்லாம் சரியாப் போட்டிருக்கறா, பாருங்க" என்று கேட்டேன்.

"விடைய ஆருங்க கேட்டா? நம்மகிட்டக் கேக்கறது மொகத்தை" என்றார். "கையைக் காலை ஆட்டீட்டு, சத்தம் போட்டுட்டு இருந்தா அது கவனமுங்களா? நெம்பச் செல்லம் குடுத்துட்டாங்க போல. நல்லா இருந்த புள்ள கெட்டுப்போச்சுங்க."

அவருக்கு நோயைப் பற்றிச் சொன்னேன். வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார். ஆனால் அடுத்த துண்டு வந்ததும் அதே பொத்தானைத்தான் அழுத்தினார். கண்ணுக்குத் தெரிவதைத்தானே அழுத்த முடியும் என்றார். நானும் முப்பத்து நான்கு வருடம் அதைத்தான் செய்தேன். அவரை என்ன சொல்ல? எங்கள் மூன்று பேரை விடுங்கள். மிஷினே இப்போது எங்களை மாதிரி ஆகிவிட்டது. நட்சத்திரத்தைப் போடுவது அதுதான். அதற்கு இந்தப் புது இதழினியைப் பிடிக்கவில்லை.

ஜனவரியில் எண் அறுபத்து மூன்று.

சஞ்சித்திடம் போனேன். டாக்டர் சீட்டை மேஜைமேல் வைத்தேன். அவன் இரண்டு முறை படித்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நாம மிஷினுக்கு ஒரு நோயைச் சொல்லிக் குடுத்திருக்கோம் சஞ்சித். அதைப் படிப்புன்னு அது நம்பிட்டு இருக்கு. மாத்து."

"எப்படி டீச்சர் மாத்தறது?" அவன் குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "இந்த மாதிரி அசையாத துண்டு நாலு லட்சத்துக்கு மேல இருக்கு. எது நோவு, எது உண்மையான யோசனைன்னு யாரு பிரிப்பா? டாக்டருங்கள உக்கார வெச்சாலும் ரெண்டு வருஷம் ஆகும். பாதி வருஷத்துல எண்ணை மாத்துனா கோர்ட்டுக்குப் போயிடுவாங்க. ஒவ்வொரு புள்ளையோட ஸ்கூல் சீட்டும் இதுல இருக்கு."

"அவளுக்கு மட்டும்?"

"ஒருத்தருக்கு மட்டும் கையால மாத்துனா அது ஏமாத்து வேலை டீச்சர். நீங்களே ஒத்துக்க மாட்டீங்க."

சரிதான். இன்னொரு பிள்ளைக்கு அப்படிச் செய்திருந்தால் முதலில் கத்தியிருப்பது நான்தான்.

"அந்த 'இதழினி போல இருப்போம்' வீடியோவையாவது எடுத்துடு" என்றேன். அன்றே எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் அது எல்லா வாத்தியார் போனிலும், எல்லா அம்மா போனிலும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஜனவரிக் கடைசியில் வந்த துண்டுகள் வேறு மாதிரி இருந்தன. தாராபுரத்தில் ஒரு பையன், அந்தியூரில் ஒரு பெண், பல்லடத்தில் ஒரு பெஞ்சில் இருந்த நாலு பேரும். கை அந்தரத்தில். கண் திரையில். இமையை வேண்டுமென்றே படபடவென்று அடித்தார்கள். ஒரே நாளில் இருநூறு இதழினிகள். நட்சத்திரம் எப்படி விழும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிள்ளைகளை அப்படி ஏமாற்ற முடியாது, எப்போதுமே முடிந்ததில்லை.

"பாருங்க டீச்சர், பசங்க எப்பிடித் திருந்தீட்டாங்க" என்றார் பெஞ்சமின் சார்.

அந்த இருநூறில் உண்மையாகவே நினைவு தப்பிய பிள்ளை ஒன்றாவது இருக்கும். இரண்டு இருக்கலாம். நான் ஒவ்வொரு துண்டையும் நாலு முறை, ஐந்து முறை பார்த்தேன். சிலவற்றில் உதட்டோரம் சிரிப்பு தெரிந்தது, அவற்றை ஒதுக்கினேன். மற்றதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சந்தேகப்பட்ட பதினோரு பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போன் செய்தேன். ஒன்பது தலைமையாசிரியர்கள், எங்கள் பள்ளியின் நல்ல பெயரைக் கெடுக்கிறீர்களா என்று கேட்டார்கள். இரண்டு பேர் போனை எடுக்கவில்லை.

பிப்ரவரியில் சஞ்சித் ஓடிவந்தான். "டீச்சர், இதழினி தொண்ணூத்தொண்ணு! ரெண்டு வாரமா ஏறிட்டே இருக்கு. இப்படியே போனா சீட்டு வந்துரும்." பாவம், எனக்குச் சந்தோஷமான செய்தி கொண்டுவந்ததாக நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் வீட்டுக்குப் போனேன். பூங்கொடி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து வந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் இதற்கு முன் பார்த்ததில்லை.

"நீங்க சொன்னாப்புலயே மார்க்கு வந்துருச்சுங்க டீச்சர்."

"மாத்திரை?"

"குடுக்கறனுங்க. வேளை தவறறதில்ல. இந்தாங்க பாருங்க." அட்டையைக் கொண்டுவந்து காட்டினாள். நாள் கணக்குக்குச் சரியாக இருந்தது. "என்ற கையாலதானுங்க குடுக்கறேன்."

அவள் துணியைப் பிழியப் போனாள். நான் இதழினியைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். கொஞ்சம் வளர்ந்திருந்தாள். பல் ஒன்று விழுந்து புதிதாக முளைத்துக்கொண்டிருந்தது.

"அம்மா குடுக்கற மாத்திரைய முழுங்கறியா சாமி?"

"முழுங்கறேனுங்க டீச்சர்."

"நெசமா?"

"நெசமாலுமுங்க."

"அப்ப நட்சத்திரம் எப்படி விழுகுது?"

அவள் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "மொதல்ல வரவே இல்லீங்க. அம்மா அழுதுட்டே இருந்துச்சு. பொறகு என்ற வீடியோ இருக்குதுல்லீங்க, அதைப் பாத்தேன். நெறைய வாட்டி பாத்தேன். நான் எப்பிடி உக்காந்திருக்கறேன், கண்ணு எப்பிடி வெச்சிருக்கறேன்னு பாத்துப் பழகிட்டேன். இப்ப எனக்கே வருமுங்க."

"உனக்கே வருமா?"

"வேணுங்கறப்ப வருமுங்க. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க."

இந்தப் பிள்ளை தன் நோயைத் தானே படித்து மனப்பாடம் செய்திருக்கிறது. அதற்குப் பாடப் புத்தகம் எழுதிக் கொடுத்தது நான்.

"எங்க, எனக்குக் காட்டு" என்றேன். எதற்குக் கேட்டேன் என்றால், நடிப்பு என்று என் கண்ணால் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகத்தான்.

அவள் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தாள். சடையைப் பின்னால் தள்ளினாள். ஒரு கையை மடியில் வைத்து, மறு கையைத் திரையைத் தொடப்போவது போல உயர்த்தினாள். அப்படியே நின்றாள். கண் என் தோளுக்கு மேலே சுவரில் நிலைத்தது. இமை லேசாகத் துடித்தது. உதட்டோரத்தில் சிரிப்பு இல்லை. ஒரு குறையும் சொல்ல முடியாது. பழக்க தோஷம், நான் மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு, ஒன்பது, பத்து.

"அப்படியே இருக்கு. போதும் கண்ணு" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை.

"போதும் இதழினி. பாத்துட்டேன்."

பதிமூன்று. பதினான்கு. உயர்த்திய கை அந்தரத்திலேயே இருந்தது. நான் அவள் முகத்துக்கு முன்னால் விரலை ஆட்டினேன். பழகிய பிள்ளை அதற்கும் அசையாமல் இருக்கப் பழகியிருப்பாள்.

பூங்கொடி பக்கெட்டோடு வாசலில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அவ அப்பிடித்தானுங்க டீச்சர், ஆரம்பிச்சா நம்ம சொல்லுக்கு நிறுத்த மாட்டா" என்றாள்.

பதினேழு. பதினெட்டு. ஆயிரம் தடவைக்கு மேல் நான் பார்த்துப் பெயர் வைத்த முகம் அது. இது நடிப்பா, நோயா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தேன்.